கழிதலும் கழித்தலும்

1

சென்ற நவம்பரில் என் கவுன்டருக்கு ஒரு பெரியவர் வந்தார். ரயில்வேயில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோதே புலவர் பட்டத்துக்குப் படித்துத் தேறியவர். ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை தாங்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று தரவேண்டும். இப்போது அதற்காக வங்கிவரை வரவேண்டியதில்லை, கைப்பேசிக்கு முகத்தைக் காட்டினால் போதும். ஆனால் அவருடைய கைப்பேசியில் அதற்கான செயலி இறங்க மறுத்துவிட்டது. பழைய ரகம். இப்படி வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்: "போனை மாத்திடுங்க சார். இது காலாவதியாயிடுச்சு."

அவர் கோபிக்கவில்லை. "நல்லாத்தான் பேசுது தம்பி" என்றார். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "பவணந்தி கழிதல்னுதான் சொன்னார். கழித்தல்னு சொல்லலை" என்றார்.

இரண்டு வாரத்தில் அதே செய்தி எனக்கு வந்தது. நான் 2018இல் வாங்கிய கைப்பேசியில், நான் வேலை பார்க்கும் வங்கியின் செயலியே, இந்தப் பதிப்பில் தான் அதிக நாள் இயங்கப்போவதில்லை என்று அறிவித்தது. என் கைப்பேசியில் குறையென்று பார்த்தால் ஒன்றுதான்: மாலை நான்கு மணிக்குமேல் பாட்டரி தாங்குவதில்லை. மற்றபடி பேசுகிறது, படம் பிடிக்கிறது. இந்தப் பத்திரிகையில் வந்த என் கட்டுரைகள் மூன்றின் முதல் பிரதி அதில்தான் எழுதப்பட்டது.

புதிய மாடலுக்கு மாறுவதா, இருப்பதை வைத்துக்கொள்வதா? அலுவலக நண்பர்களுக்கு இது ஐந்து நிமிஷப் பிரச்னை. புதிய வடிவம் நன்றாக இருக்கிறது, தவணை கிடைக்கிறது, பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறார்கள் என்று மூன்று காரணம் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெரியவரின் வினைச்சொல் குறுக்கே நின்றது. கழிவது தன்வினை. கழிப்பது பிறவினை, அங்கே எழுவாய் யார் என்று கேட்டாக வேண்டும். வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பொருளைப் பழையது என்று கழிப்பவர் யார்? எப்போதிருந்து இந்த அதிகாரம் அவருக்கு வந்தது? இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது கைப்பேசிக்கு வெகுகாலம் முந்தியது. மோட்டார்க் காரில் தொடங்குவது.

2

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908இல் வந்தது. 1927 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. பத்தொன்பது ஆண்டுகளும் அடிப்படையில் ஒரே வண்டி. 1914 முதல் 1925 வரை ஒரே நிறம், கறுப்பு. மாறிக்கொண்டிருந்தது விலைதான்: ஆரம்பத்தில் 850 டாலர், 1925இல் 260 டாலர். ஒருவன் ஒருமுறை வாங்க வேண்டும், கெட்டால் தானே பிரித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும், வாழ்நாளெல்லாம் ஓட்ட வேண்டும் என்பது ஃபோர்டின் எண்ணம். இதை ஒரு விவசாயியின் பார்வை எனலாம். கலப்பை வாங்குகிறவனுக்கு அது எந்த ஆண்டுக் கலப்பை என்ற பிரக்ஞை கிடையாது.

1920களின் நடுவில் இந்தப் பார்வைக்கு ஒரு சோதனை வந்தது. கார் வாங்க வசதியுள்ளவர்களில் பெரும்பாலோரிடம் கார் இருந்தது. இனி விற்கவேண்டியது கார் இல்லாதவனிடம் அல்ல, ஓடுகிற கார் வைத்திருப்பவனிடம். இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன். ஆண்டுக்கொரு மாடல் என்ற வழக்கத்தைத் தொழில் முழுவதற்கும் பொதுவிதியாக்கியவர் அவர். டூபான்ட் கம்பெனியின் சீக்கிரம் உலரும் வண்ணப் பூச்சு கறுப்பின் ஆட்சியை முடித்தது. வடிவத்துக்கும் வண்ணத்துக்கும் என்று தனியாக ஒரு பிரிவே 1927இல் ஏற்பட்டது. ஹார்லி ஏர்ல் அதற்குத் தலைவர். தவணைக் கடன் கொடுப்பதற்கென்று ஒரு நிதி ஸ்தாபனம் 1919இலேயே தொடங்கப்பட்டிருந்தது. கடனில் வாங்குவதை விரும்பாத ஃபோர்ட் 1928இல்தான் அந்த வழிக்கு வந்தார். பழைய காரை விலைக்கு எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுக்கும் வியாபாரமும் கூடவே வளர்ந்தது.

புதிய வடிவம், தவணை, பழையதை எடுத்துக்கொள்வது. என் அலுவலக நண்பர்கள் சொன்ன மூன்று காரணமும் அவர்கள் பிறப்பதற்கு அறுபது ஆண்டு முன்பே டெட்ராய்ட்டில் தயாரானவை. நண்பர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் சொந்த யோசனை என்று நினைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு பழைய சரக்கு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்லோன் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். ஆண்டுக்காண்டு வந்த மாற்றங்கள் எல்லாமே வெறும் பூச்சல்ல. மழைக்கு மூடிய கூண்டு, நான்கு சக்கரத்துக்கும் பிரேக் என்பவை வாஸ்தவமான முன்னேற்றங்கள். அவற்றில் ஃபோர்ட்தான் பின்தங்கினார். ஸ்லோனின் முறையில் அசல் முன்னேற்றமும் வெறும் தோற்றமும் ஒரே பெட்டியில் வந்தன. வாங்குகிறவன் பிரித்துப் பார்க்க முடியாதபடி வந்தன. ஆனால் பழைய கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அண்டை வீட்டுக்காரன் முன்னால் அது பழசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்த வெட்கத்தைத் தாங்கக்கூடியவனுக்கு ஸ்லோனால் எந்தத் தீங்கும் செய்ய முடியவில்லை.

3

வெட்கத்தை நம்பியிராமல் பொருளின் ஆயுளிலேயே கைவைத்தவர்கள் பல்பு வியாபாரிகள். 1924 டிசம்பரில் ஜெனிவாவில் ஜெர்மனியின் ஓஸ்ராம், ஹாலந்தின் ஃபிலிப்ஸ் முதலிய கம்பெனிகள் கூடி ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. யார் எங்கே விற்பது என்பதோடு, பல்பு எத்தனை மணிநேரம் எரியவேண்டும் என்பதும் அதன் ஏற்பாட்டில் அடங்கியது: 1000 மணி. அதற்கு முன் 1500, 2000 மணி எரிந்த பல்புகள் சந்தையில் இருந்தன. உறுப்பினர்கள் தங்கள் பல்புகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதிக நேரம் எரிந்தால் அபராதம். அபராதம் கட்டவேண்டிய குற்றம், நன்றாகச் செய்தது.

இங்கும் விஷயம் நாம் ஆத்திரப்படுமளவுக்கு எளிதல்ல. நீண்ட நாள் எரியும் இழை பல்பு மங்கலாக எரியும், அதே வெளிச்சத்துக்கு அதிக மின்சாரம் தின்னும். 1951இல் இதை விசாரித்த பிரிட்டிஷ் ஏகபோகக் கமிஷன் 1000 மணி என்பதற்குத் தொழில்நுட்ப நியாயமும் உண்டு என்று ஏற்றது. நியாயம் இருக்கலாம். ஆனால் வெளிச்சமா ஆயுளா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை பல்பு வாங்கியவனுக்குத் தரப்படவில்லை. எது நல்லது என்ற தீர்மானம் வாங்குகிறவனுக்குத் தெரியாமல் ஓர் அறைக்குள் எடுக்கப்பட்டது. அந்த அறை யுத்தம் வந்தபோது கலைந்தது.

1932இல், பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, நியூயார்க்கில் பெர்னார்ட் லண்டன் என்ற நிலத் தரகர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். திட்டமிட்டுப் பொருள்களைக் காலாவதியாக்குவதன் மூலம் வீழ்ச்சியை முடிவுக்குக் கொண்டுவரலாம் என்பது அதன் பொருள். மக்கள் பழையதையே வைத்துக்கொண்டிருப்பதால்தான் தொழிற்சாலைகள் மூடுகின்றன என்று அவர் கண்டார். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் அது செய்யப்படும்போதே அரசாங்கம் ஆயுள் குறிக்க வேண்டும், அந்த நாள் வந்ததும் அது சட்டப்படி செத்ததாகும், ஒப்படைத்துவிட்டால் அழித்துவிடுவார்கள், பிடித்துவைத்துக்கொள்கிறவன் வரி கட்ட வேண்டும். லண்டன் கொடியவர் அல்ல. வேலையற்று வரிசையில் நின்றவர்களைப் பார்த்து எழுதியவர். அவருடைய யோசனையை எந்த அரசாங்கமும் சட்டமாக்கவில்லை. பொருள் பிழைத்திருக்கும்போதே அதற்கு மரணத் தேதி குறிப்பது 1932இல் விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும்.

4

வங்கியில் தேய்மானம் என்று ஒரு கணக்கு உண்டு. அழகான சொல். தேய்வது என்றால் கை பட்டு, நாள் பட்டுக் குறைவது. ஆனால் ஏட்டில் தேய்மானத்துக்கும் தேய்வுக்கும் சம்பந்தமில்லை. வங்கிகள் கணினிக்கு ஆண்டுக்கு 33.33 சதவிகிதம் எழுதிக் கழிக்கின்றன. மூன்றாம் ஆண்டு முடிவில் அதன் மதிப்பு பூஜ்யம். ஏட்டின்படி இல்லாமற்போன யந்திரங்களில்தான் நாங்கள் பலர் வேலை செய்துகொண்டிருக்கிறோம். ஏடு சொன்னதற்காக எந்த யந்திரமும் நின்றுவிடவில்லை. கைப்பேசி விஷயத்தில் ஏடு சொன்னால் யந்திரம் நிற்கிறது. புதுமை அதுதான்.

இது உடனே நேர்ந்துவிடவில்லை. 2003இல் வந்த நோக்கியா 1100ஐ நம்மில் பலரும் வைத்திருந்தோம். தூசி புகாத விசைப் பலகை, உச்சியில் டார்ச் விளக்கு. உலகமெங்கும் 25 கோடிக்குமேல் விற்ற கைப்பேசி. அதன் பாட்டரியை நகத்தால் நெம்பி எடுத்துப் பெட்டிக்கடையில் வேறு வாங்கிப் போடலாம். அந்த பி.எல்.-5சி பாட்டரி கைப்பேசியைத் தாண்டிச் சிறிய ரேடியோக்களுக்குள்ளும் குடியேறிவிட்டது. 2007 ஜூனில் ஐஃபோன் வந்தது, பாட்டரி உள்ளே வைத்து மூடப்பட்டு. அதன் பிறகு வந்த கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அப்படியே மூடிக்கொண்டன. மெல்லியதாக்கவும் தண்ணீர் புகாமலிருக்கவும் அது உதவியது. அதோடு, மிகச் சீக்கிரம் தேயும் உறுப்பு உடையவனின் கைக்கு எட்டாமல் போயிற்று.

2017 டிசம்பரில் நடந்தது இந்தச் சரித்திரத்தில் ஒரு முக்கியமான கட்டம். பாட்டரி தேய்ந்த பழைய ஐஃபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் தான் குறைத்துவந்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. காரணமும் சொன்னது: தேய்ந்த பாட்டரி திடீரென்று தேவைப்படும் மின்சாரத்தைத் தரமுடியாமல் கைப்பேசி அணைந்துவிடுகிறது, அதைத் தடுக்கவே என்று. காரணம் பொய்யல்ல. ஆனால் கைப்பேசி மந்தமாகிவிட்டதைக் கண்டவர்களுக்கு, பாட்டரியை மாற்றினால் போதும் என்பது தெரிவிக்கப்படவில்லை. இத்தாலி 2018இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், வேறொரு மென்பொருள் விவகாரத்தில் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. பிரான்ஸ் 2020இல் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ விதித்தது, தெரிவிக்காத குற்றத்துக்காக.

அபராதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மன்னிப்புக் கேட்ட கம்பெனி 2018 முழுவதும் பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2019 ஜனவரியில் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் டிம் குக், விற்பனை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக இதையும் சொன்னார். பலர் பாட்டரியை மாற்றிக்கொண்டு பழையதிலேயே இருந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவர்களுக்கு வேண்டியிருந்தது புதிய கைப்பேசியல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் வேண்டியதில்லை.

பாட்டரி தேய்வது கழிதல். அது ரசாயனம், யாரையும் நோவதற்கில்லை. என் கைப்பேசிக்கு வந்த அறிவிப்பு வேறு ஜாதி. மென்பொருளில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், அவற்றை அடைக்கத் திருத்தங்கள் வரவேண்டும், திருத்தம் நின்றுபோன கைப்பேசியில் பணம் கையாள்வது ஆபத்து. வங்கிக்காரன் என்ற முறையில் இதை நான் மறுக்கமாட்டேன். திருத்தம் ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டோடு அது நின்றுவந்தது, ஏதோ இயற்கை விதிபோல. 2023 அக்டோபரில் கூகிள் தன் பிக்ஸல் 8க்கு ஏழு ஆண்டு என்று வாக்களித்தது. 2024 ஜனவரியில் சாம்சங்கும் தன் உயர்ந்த ரகத்துக்கு அதையே சொன்னது. மூன்று ஏழாக முடியுமானால், மூன்று என்பதும் யாரோ எடுத்த தீர்மானமாகத்தானே இருந்திருக்க வேண்டும். 2025 ஜூன் 20இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இதை விதியாகவே ஆக்கியது: ஒரு மாடலின் விற்பனை நின்றபிறகும் ஐந்து ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு, ஏழு ஆண்டு உதிரிப்பாகம், 800 முறை மின்னேற்றிய பிறகும் 80 சதவிகிதம் தாங்கும் பாட்டரி.

பெர்னார்ட் லண்டன் கேட்ட மரணத் தேதி இப்படித்தான் வந்துசேர்ந்தது. சட்டம் தேவைப்படவில்லை, ஒப்படைக்கும் அலுவலகம் தேவைப்படவில்லை. என்னைப்போல் கவுன்டரில் உட்கார்ந்து "காலாவதியாயிடுச்சு" என்று சொல்கிறவன் போதும்.

5

இந்த இடத்தில் நான் கட்டுரையை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் ஶ்ரீபெரும்புதூரைத் தாண்டாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. நோக்கியா அங்கே 2006இல் தொழிற்சாலை திறந்தது. இளம்பெண்கள் ஏராளமாக வேலை செய்த இடம். உலகம் தொடுதிரைக்கு மாறியபோது நோக்கியா சரியான நேரத்தில் மாறவில்லை. அதன் கைப்பேசித் தொழிலை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்தத் தொழிற்சாலை விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். பொருள் பழசாகும்போது அதைச் செய்த கைகளும் பழசாகிவிடுகின்றன என்பதை அங்கே பார்த்தோம்.

பிறகு அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் பக்கம், ஃபாக்ஸ்கான் 2019இலிருந்து ஐஃபோன்களைக் கோத்துத் தருகிறது. விடுதிகளிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் வரிசையாகப் போவதை அந்தச் சாலையில் போகிற எவரும் பார்க்கலாம். நான் என் கைப்பேசியை இன்னும் ஐந்து ஆண்டு வைத்திருந்தால், என்னைப்போல் எல்லோரும் வைத்திருந்தால், அந்தப் பேருந்துகளின் எண்ணிக்கை என்ன ஆகும்? லண்டன் 1932இல் கேட்ட கேள்வி இதுதான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். நோக்கியாத் தொழிற்சாலை மூடியது மக்கள் பழையதை வைத்துக்கொண்டதால் அல்ல. எல்லோரும் புதியதற்கு மாறியதால். மாற்றத்தின் மேல் கட்டிய வேலைக்கும் மாற்றமே எமனாகிறது. அந்தப் பெண்களின் சோற்றுக்காக நான் மாறுகிறேன் என்று சொல்லிக்கொள்வது, என் ஆசைக்கு அவர்களைச் சாக்காக்குவது.

6

இதையெல்லாம் பொருளாதாரப் பத்திரிகைக்கு எழுதாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாமும் புதிது என்ற சொல்லை வைத்துப் பிழைத்தவர்கள். யுலிஸஸும் வேஸ்ட் லேண்டும் வெளிவந்தது 1922. ஸ்லோன் தலைமைக்கு வந்தது 1923. புதிது என்பதே ஒரு மதிப்பு என்ற மனோபாவம் கவிதையிலும் கார் வியாபாரத்திலும் அநேகமாக ஒரே பொழுதில் தலையெடுத்தது. இது தற்செயல்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

மணிக்கொடி 1933இலும், செல்லப்பாவின் எழுத்து 1959இலும் வந்தபோது அவர்கள் கேட்ட புதுமை, பழையதைச் செல்லாததாக்கும் புதுமை அல்ல என்று நாம் சொல்வோம். புதுக்கவிதை வந்ததால் எந்த வெண்பாவும் இயங்காமல் போகவில்லை. குறுந்தொகையைப் படிக்க யாருடைய அனுமதியும் புதுப்பிக்கப்பட வேண்டியதில்லை. புதிய கவிதை பழையதைப் படிக்கப் புதிய கண்ணைத் தருகிறது. சந்தையின் புதுமை பழையதைக் கையிலிருந்து பிடுங்குகிறது. இந்த வேற்றுமை உண்மையானது. இதை நான் நம்புகிறேன்.

ஆனால் நாம் இதன்படி நடந்தோமா? பத்து ஆண்டுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு மூத்த கவிஞரைப் பற்றி, அவர் தீர்ந்துபோனவர் என்று எழுதினேன். காரணமாக நான் காட்டியது அவருடைய வரிகளை அல்ல, அவருடைய காலத்தை. அந்த நடை போய்விட்டது, அந்த மொழி போய்விட்டது என்று எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். இந்த மாதம் அவருடைய தொகுப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். பாதி கவிதைகள் தேய்ந்திருந்தன. அவை கழிந்தவை, அதற்கு நான் தேவையே இல்லை. மற்றப் பாதி வேலை செய்துகொண்டிருந்தது. அவற்றைக் கழித்தவன் நான். அவர் கவிதையில் ஓர் ஓட்டையையும் நான் காட்டவில்லை, தேதியைத்தான் காட்டினேன். கவுன்டரில் அந்தப் பெரியவரிடம் சொன்ன அதே வாக்கியத்தை அன்று விமர்சனம் என்ற பெயரில் எழுதியிருக்கிறேன். தலைமுறைக்கொரு அறிக்கை, இதழுக்கொரு புதிய பெயர் என்று நாம் நடத்திவந்ததில் எவ்வளவு செல்லப்பா, எவ்வளவு ஸ்லோன் என்று ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

7

முடிவைச் சொல்லிவிடுகிறேன். சென்ற சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை, ரிச்சி தெருவுக்குப் போனேன். ஓர் இளைஞன் கைப்பேசியின் முதுகைச் சூடுகாட்டித் திறந்தான். பாட்டரி சற்று உப்பியிருந்தது. "மத்ததெல்லாம் நல்லா இருக்கு சார், இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றான். 1400 ரூபாய். இப்போது இரவு பத்து மணிவரை தாங்குகிறது.

வங்கிச் செயலி நின்றுபோகும் நாளில் நான் மாறத்தான் போகிறேன். அது இல்லாமல் என் வேலை நடக்காது, வைராக்கியம் பேசுவதற்கில்லை. அப்போது கடைக்காரரிடம் காமிரா பற்றிக் கேட்பதாக இல்லை. இதற்கு எந்த ஆண்டுவரை திருத்தம் வரும், பாட்டரியை யார் மாற்றித் தருவார்கள் என்று கேட்பேன். வைப்பு நிதிக்கு முதிர்வுத் தேதியைக் கேட்காமல் எவரும் கையெழுத்துப் போடுவதில்லை.

பெரியவர் அடுத்த நவம்பரிலும் வருவார் என்று நினைக்கிறேன். அவருடைய கைப்பேசி காலாவதியாகிவிட்டது என்று இனி அவரிடம் சொல்லமாட்டேன். அதைச் செய்தவர்கள் இந்தச் செயலியை இதில் நிறுத்திவிட்டார்கள் சார் என்று, எழுவாயோடு சொல்வேன். சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்துக் கொடுப்பேன்.